அம்பாரமேட்டுப் பந்து

ஜனவரி 8, புதன். 1975

வாங்க, இப்படி வந்து உட்காருங்க. சௌக்கியமா? வீட்ல பிள்ளைங்க எல்லாம் நல்லா இருக்குதா? போன மாச மழைக்கு உங்க பக்கம் கூரை தாங்குச்சா?

எதிரே ஒரு ஆள் இருந்தால்தான் எனக்குப் பேச்சு வரும். எழுதுவதும் அப்படித்தான் என்று இப்போதுதான் தெரிகிறது. இவ்வளவு நேரம் பென்சிலைப் பிடித்துக்கொண்டு வெறும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்து உட்கார்ந்ததாக நினைத்த பிறகுதான் கை நகர்கிறது. யாராக இருந்தாலும் சரி, பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.

டைரி கொடுத்தது புதுச்சேரி உப்பு வியாபாரி ஒருவர். "சிலுவைமுத்து, லாரி லோடு ஏத்தறதுக்குள்ள நீ சொல்ற கதையில எனக்கு ரெண்டு வேளை சோறு தவறிப்போவுது. இனிமே இதுல எழுது, நான் வீட்டுக்குப் போறேன்" என்றார். எனக்கு எழுத்து வந்ததே போன வருஷந்தான். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது. அப்போது சாமியார் பங்களாவில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அறுபது பேர் சேர்ந்தோம். கடைசியில் நானும் ஒரு கிழட்டுப் பூனையும் மிச்சம். பூனை கருவாட்டுக்காக வந்தது.

என் வேலை அம்பாரம் கட்டுவது. பெண்கள் பாத்தியில் உப்பு வாரி, கூடையில் சுமந்து வந்து கொட்டுவார்கள். நான் அதைச் சரித்துத் தட்டி, வீட்டு உயரத்துக்குக் குவியலாகக் கட்டி, ஓலை வேய்ந்து மூடுவேன். அந்தக் குவியல்தான் அம்பாரம். அதற்கு எங்கள் அளத்தில் இரண்டு கட்டுப்பாடு உண்டு. மூடி முடிக்கும்வரை எத்தனை கூடை என்று யாரும் எண்ணக்கூடாது. இன்னொன்று, வருஷத்து முதல் கூடையை எங்கே வைத்தோமோ அங்கேதான் அந்த வருஷத்து அம்பாரம். அப்புறம் நகர்த்தக்கூடாது. கோயிலுக்குப் போகிறவர்களும் இதைக் கேட்டு நடப்பார்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்களும் கேட்பார்கள். முதலாளி பக்தவச்சலமே கேட்பார். திண்டிவனத்திலிருந்து வந்த புதுக் கணக்குப்பிள்ளை ஒருத்தன் வரப்பில் நின்று விரல்விட்டுக் கூடையை எண்ண, அவனைச் சாயந்திர பஸ்ஸிலேயே ஏற்றி அனுப்பிவிட்டார். அவர் அப்பா காலத்தில் ஒரு தடவை வைத்த குவியலை நகர்த்தி, பருவம் தப்பிய மழை வந்து அவ்வளவும் கரைந்து ஓடியதாம். நான் பார்க்கவில்லை. ஆனால் சொல்லும்போது பார்த்த மாதிரியேதான் சொல்வேன்.

எங்கே விட்டேன்? ஆரம்பிக்கவே இல்லை. பேஸ்கட் பால்.

அம்பாரம் வைக்கிற மேடு மழைக்காலத்தில் காலியாகக் கிடக்கும். பெண்கள் ஹைஸ்கூலில் சுற்றிலும் மணல், பந்து போட்டால் புதைந்துபோகும். அதனால் நாலு வருஷமாக அந்தப் பிள்ளைகள் எங்கள் மேட்டில் ஆடுகிறார்கள். இரண்டு பனங்கட்டை நட்டு, வண்டிப்பட்டறையில் இரும்பு வளையம் அடித்து மாட்டினோம். முதல் நாள் பார்க்க ஊரே வந்தது. உப்பு வாருகிற ஆரோக்கியம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதென்னா கூடை? அடியே இல்ல! இதுல எதப் போட்டு என்னா ஆவப்போவுது?" என்றாள். இப்போது அவள் மகள் அந்தோணிமேரிதான் அந்தக் கூடையில் அதிகம் போடுகிறவள்.

சொல்ல வந்த விஷயம், டிசம்பரில் கடலூரில் எங்கள் பிள்ளைகள் ஜில்லாவையே ஜெயித்துவிட்டார்கள். மாசக் கடைசியில் திருச்சியில் மாநிலப் போட்டி.


ஜனவரி 11, சனி

இன்று பாத்தி மிதித்தோம். மழைத்தண்ணீரை வடித்த பிறகு, தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நின்று, களிமண்ணைக் காலால் மிதித்து இறுக்குவது. பள்ளிக்கூடம் லீவு என்பதால் பிள்ளைகளும் வந்தார்கள். பாஞ்சாலை நடுவில் நின்றாள். அவள்தான் கேப்டன், பனங்கட்டைக்குப் பக்கத்தில் நின்றால் எது கட்டை என்று கேட்கலாம். பேச்சு கொஞ்சம். அவள் கால் வைத்தால் வரிசையே கால் வைக்கிறது.

சாயந்திரம் அதே காலோடு மேட்டுக்குப் போய் ஆடினார்கள். பார்த்துக்கொண்டே நின்றேன். எங்கள் மேடு உப்பு ஊறிய மண், பந்து சரியாகத் துள்ளாது. சில இடத்தில் செத்த மீன் மாதிரி விழுந்து கிடக்கும். அதனால் இவர்கள் பந்தைத் தரையில் தட்டுவதே இல்லை. கையிலிருந்து கைக்கு, கையிலிருந்து கைக்கு. லாரிக்கு லோடு ஏற்றும்போது பெண்கள் வரிசையில் நின்று கூடை மாற்றுவார்களே, அதே மாதிரி. கூடை மாற்றுகிறவள் அடுத்தவள் மூஞ்சியைப் பார்க்கமாட்டாள். அவள் அங்கே இருப்பாள் என்று கைக்குத் தெரியும். பந்தும் அப்படித்தான் போகிறது. எங்கே இருக்கிறது என்று எனக்கே கண் தப்பிவிடுகிறது. அதற்குள் சின்னப்பாப்பா எம்பி எடுத்து அந்தோணிமேரியிடம் கொடுத்து, அவள் போட்டுவிட்டுத் திரும்பி ஓடிவிடுகிறாள்.

ஐம்பது வருஷமாக இந்த மண்ணில் இருக்கிறேன். இவ்வளவு அழகாக எதுவும் இதன்மேல் நடந்து பார்த்ததில்லை.


ஜனவரி 12, ஞாயிறு

மனசு சரியில்லை.

சரஸ்வதி டீச்சர் முதலாளியைப் பார்க்கப் போனார். அவர்தான் விளையாட்டு டீச்சர். அந்த மேட்டை வருஷம் முழுக்க பிள்ளைகளுக்கு விடமுடியுமா என்று கேட்கப் போனார். அம்பார மேட்டுக்கு வடக்கே, கால்வாயில் படகில் உப்புப் போன காலத்துப் பழைய மேடு சும்மா கிடக்கிறதே, அங்கே உப்பு வைக்கலாமே என்றும் கேட்டார். என்னையும் துணைக்கு அழைத்துப்போனார்.

முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் பழைய மேடு கால்வாய் ஓரம். லாரி ரோடு தூரம். "உப்பு வெல சரியில்ல டீச்சர். இந்த வருஷம் அம்பாரத்த எடுக்கவே போறதில்ல. வெல வர்ற வரைக்கும், ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ, மேட்டுலயே கெடக்கும்" என்றார்.

அப்படியென்றால் பந்து? அதோடு சரி.

டீச்சர் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சரி, திருச்சில கப்பு ஜெயிச்சிட்டு வாங்க. கப்பு வந்தா மேடு உங்களுக்கு. வரலன்னா மொதக் கூடை மேட்டுல. என்னா சிலுவ, சரிதானே?"

சரி என்று தலையாட்டினேன். முதல் கூடை வைக்கிறவன் நான்தானே. அய்யோ, அந்தப் பனங்கட்டையப் புடுங்கிட்டு என் கையாலயே அங்க உப்பக் கொட்டணுமா?


ஜனவரி 14

பொங்கல். பாஞ்சாலை வீட்டிலிருந்து வந்தது. இனிப்பு கொஞ்சம் தூக்கல்.


ஜனவரி 19, ஞாயிறு

யார் கூடப் போவது என்று ஊரில் பேச்சு. பத்துப் பெண்பிள்ளைகளை ஒரு டீச்சரோடு மட்டும் அவ்வளவு தூரம் அனுப்பமாட்டோம் என்று வீட்டுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். ஊரிலிருந்து ஒரு ஆம்பளை, ஒரு பொம்பளை போகவேண்டும். பொம்பளை ஆரோக்கியம். ஆம்பளை நான்.

ஆனந்தம்மாள், என் வீட்டுக்காரி, சொன்னது: "இவரு போனா ரயிலே பாரம் தாங்காது. இவரு இல்ல, இவரு வாயி."


ஜனவரி 22, புதன்

புதுச்சேரியில் ஒரு பழக்க ஆட்டம். போகும்போது பஸ் பெரிய முதலியார்சாவடியில் பங்ச்சர். டிரைவர் ஜாக்கியைத் தேட, பிள்ளைகள் இறங்கி ரோட்டிலேயே பந்து மாற்ற ஆரம்பித்தார்கள். சைக்கிளில் போன ஒருத்தர் பந்தைப் பார்த்துக்கொண்டே போய்ப் புளியமரத்தில் முட்டினார். விழுந்தபடியே, "எந்த ஊரும்மா?" என்று கேட்டார். அதைச் சொல்லத்தான் பங்ச்சரைச் சொன்னேன்.

புதுச்சேரியில் தோற்றோம். அதற்குக் காரணம் இருக்கிறது.

எங்கள் பிள்ளைகள் ஸ்கோர் பார்க்கமாட்டார்கள். பலகையில் சாக்பீஸால் எழுதிக்கொண்டே இருப்பார்கள் இல்லையா, எந்தப் பக்கம் எத்தனை என்று? அந்தப் பக்கமே திரும்பமாட்டார்கள். கேட்டால், "ஆட்டம் முடியட்டும் டீச்சர். மூடாத குவியல எண்ணக்கூடாது" என்கிறாள் பாஞ்சாலை. அளத்தில் பிறந்தவள், வேறு எப்படிச் சொல்வாள்? நானே திரும்பமாட்டேன். டீச்சர் திண்டிவனத்துக்காரர். அவருக்குத் தலையில் அடித்துக்கொள்ள இரண்டு கை போதவில்லை.

"நீங்க உப்பு வாரலடி, மேட்ச் ஆடறீங்க! ஜெயிக்கிறோமா தோக்கறோமான்னு தெரிய வேணாம்?"

"தெரிஞ்சா என்னா டீச்சர் பண்ணனும்? அதுக்கு வேற மாரியா ஆடணும்?"

இன்று டீச்சர் பிடிவாதமாகப் பார்க்கச் சொன்னார். பார்த்தார்கள். அவ்வளவுதான். பந்து கைக்கு வரும்போது கண் பலகையில் இருக்கிறது. அந்தோணிமேரி பந்தை வெறும் காற்றுக்குக் கொடுத்தாள். சின்னப்பாப்பா எம்பவே இல்லை. கூடை வரிசையில் ஒருத்தி திரும்பிப் பார்த்தால் மொத்த வரிசையும் சிந்துமே, அதே கதை.

பஸ்ஸில் வரும்போது டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். பொம்மையார்பாளையம் தாண்டியதும், "சரி, இனிமே நான் நம்பர் சொல்லமாட்டேன். நீங்களும் பாக்கவேணாம். உங்க இஷ்டப்படி ஆடுங்க" என்றார். நல்ல மனுஷி. படித்தவர் ஒருவர் இவ்வளவு சீக்கிரம் மனசை மாற்றிக்கொண்டு நான் பார்த்ததில்லை.


ஜனவரி 29, புதன். ரயிலில்

கை ஆடுகிறது, எழுத்தும் ஆடுகிறது. விழுப்புரத்தில் ஒரு அய்யர் குடும்பம் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் கருவாட்டு வாசனைக்கு விருத்தாசலத்தில் வேறு பெட்டிக்குப் போனார்கள். ஆரோக்கியம் "காத்தோட்டமா இருக்கு" என்று காலை நீட்டிக்கொண்டாள். நான் சொல்லிக்கொண்டிருந்த கதை பாதியில் நிற்க, போன குடும்பத்துப் பையன் மட்டும் திரும்பி வந்து முடிவைக் கேட்டுவிட்டுப் போனான்.


ஜனவரி 30, வியாழன். திருச்சி

காவேரித் தண்ணீர் யாருக்கும் பிடிக்கவில்லை. சப்பென்று இருக்கிறதாம். சின்னப்பாப்பா செம்பில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடித்தாள். மற்ற ஜில்லாப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

இங்கே கோர்ட் சிமெண்ட். பந்தைத் தட்டினால் ஆட்டுக்குட்டி மாதிரி தலைக்குமேல் துள்ளுகிறது. அந்தோணிமேரி இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம பேச்ச கேக்காது" என்றாள். பாஞ்சாலை, "தட்டாத. கீழயே விடாத" என்றாள். அவ்வளவுதான் அவர்கள் போட்ட திட்டம்.

முதல் ஆட்டம் ஜெயித்தோம். எந்த ஊர் என்று மறந்துவிட்டது. ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.


ஜனவரி 31

மறுபடியும் ஜெயித்தோம். ஆரோக்கியத்துக்குத் தொண்டை கட்டிவிட்டது.


பிப்ரவரி 1, சனி

செமியில் மதுரை. என்ன பிள்ளைகள்! ஒவ்வொருத்தியும் பந்தைத் தட்டிக்கொண்டே நாலு பேரைத் தாண்டிப் போகிறாள். காலில் வெள்ளைக் கேன்வாஸ், கையில் வாட்ச் கட்டின தழும்பு. எங்கள் பிள்ளைகள் யாரிடமும் பந்தைப் பிடுங்கப் போகவில்லை. வரிசையாக நின்று வழியை அடைத்தார்கள், பாத்தி மிதிக்கிற மாதிரி, தோளோடு தோள். பந்து கைக்கு வந்ததும் — எழுதத் தெரியவில்லை எனக்கு. பாய் விரிக்கிற மாதிரி பிரிந்துபோனார்கள். பந்து ஒரு கையிலும் நிற்கவில்லை. மதுரைப் பிள்ளைகள் பந்து இருந்த இடத்துக்கு ஓடுகிறார்கள், அதற்குள் அது அங்கே இல்லை. பாஞ்சாலை ஒரு தடவை முதுகுப்பக்கமாகக் கொடுத்தாள், திரும்பாமலே. அந்தோணிமேரி அங்கே இருந்தாள். எப்படித் தெரியும்? மதுரைக்காரிகளே கை தட்டினார்கள்.

எனக்குப் பக்கத்தில் காக்கி டவுசர் போட்ட ஒரு வயசான ரெஃப்ரி. "எந்த ஸ்கூல்? கோச்சு யாரு?" என்றார். டீச்சரைக் காட்டினேன். டீச்சர் என்னைக் காட்டினார். நான் ஆரோக்கியத்தைக் காட்டினேன். "எனக்கு இன்னா தெரியும், நான் உப்பு வாருறவ" என்றாள். அவர் எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டு வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நாளை ஃபைனல். மதராஸோடு. இன்னும் ஒரே ஆட்டம், மேடு நமக்கு. மாதாவே!


பிப்ரவரி 2, ஞாயிறு

சுருக்கமாக எழுதிவிடுகிறேன். முடியவில்லை.

கோர்ட்டைச் சுற்றிப் புழு நெளிய இடமில்லை. மதராஸ் பிள்ளைகள் நல்ல ஆட்டம். பொய் சொல்லமாட்டேன், ரொம்ப நல்ல ஆட்டம். அவர்கள் போடுவார்கள், இவர்கள் போடுவார்கள். நான் பலகைக்கு முதுகைக் காட்டி நின்றேன். ஆரோக்கியம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஓட்டை வழியாகப் பார்த்தாள்.

கடைசியில் என்ன நடந்தது என்று டீச்சர் சொல்லித்தான் பிறகு தெரியும். அரை நிமிஷம் இருக்கிறது. நாம் ஒரே ஒரு பாயின்ட் முன்னால். பந்து பாஞ்சாலை கையில். மற்ற எந்த டீமும் என்ன செய்யும்? பந்தை அப்படியே தங்களுக்குள் வைத்துக்கொண்டு நேரத்தைக் கழிக்கும். விசில் ஊதும். கப்பு வரும். டீச்சர் எழுந்து, "போடாத! வெச்சுக்க!" என்று கத்தினார். அந்த இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை, பக்கத்தில்தான் நின்றேன்.

பாஞ்சாலைக்கு என்ன தெரியும்? கூடைக்குக் கீழே அந்தோணிமேரி தனியாக நிற்கிறாள். நாலு வருஷமாக என்ன செய்வாளோ அதைச் செய்தாள். கொடுத்தாள். அவளும் என்ன செய்வாளோ அதைச் செய்தாள்.

பந்து வளையத்தைச் சுற்றி வந்துச்சு. சுத்திச்சு, சுத்திச்சு, மேல நின்னுச்சு. வெளிய விழுந்துடுச்சு. மதராஸ் பொண்ணு எடுத்து ஓடினா. போட்டா. விசில்.

எங்கள் பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். ஜெயித்தோமா தோற்றோமா என்று அவர்களுக்குத் தெரியாது. மதராஸ் பிள்ளைகள் ஒருத்திமேல் ஒருத்தி விழுந்து குதிப்பதைப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் பாஞ்சாலை மெதுவாக என்னிடம் வந்தாள்.

"மூடியாச்சு இல்ல பெரிப்பா? இப்ப எண்ணலாமா?"

"எண்ணலாம்மா."

"எவ்ளோ?"

"ஒண்ணு."

போய் அந்தோணிமேரி தோளில் கைவைத்து நின்றாள்.


பிப்ரவரி 3, திங்கள். ரயிலில்

என் ஆயுசில் கதை சொல்லாமல் போன முதல் ரயில்.

நேற்றுச் சொல்லாமல் விட்ட ஒன்று. நாங்கள் கிளம்பும்போது மதராஸ் கேப்டன் தேடிக்கொண்டு வந்தாள். சின்னப் பெண், கண்ணாடி போட்டவள். பாஞ்சாலை கையைப் பிடித்து, "நீங்க எப்படிப் பாக்காமயே பாஸ் போடறீங்க? எங்களுக்குச் சொல்லிக் குடுங்களேன்" என்றாள். பாஞ்சாலை யோசித்து, "பாத்தா கூடை கொட்டிப்போயிடும்" என்றாள். அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, ஏதோ பெரிய விஷயம் கேட்ட மாதிரி தலையாட்டிக்கொண்டு போனாள்.

அந்தோணிமேரி ஜன்னலோரம் அழுதுகொண்டே வந்தாள். "பந்து மேல நின்னுச்சு பெரிப்பா. நின்னு யோசன பண்ணுச்சு" என்றாள். அவள் அம்மா, "யோசன பண்ணது பந்துதானே, நீ இல்லியே? அழுவறத நிறுத்திட்டுத் துன்னு, புளிசோறு கெட்டுப்போவுது" என்றாள். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டீச்சர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "ஸ்கோர் தெரிஞ்சிருந்தா பிடிச்சு வெச்சிருப்பாங்க." ரயில் ஒரு ஸ்டேஷன் தாண்டியது. "தெரிஞ்சிருந்தா ஃபைனலுக்கே வந்திருக்கமாட்டாங்க." அப்புறம் தூங்கிவிட்டார். வாய் திறந்து தூங்கினார், பாவம். அவருக்கும் முப்பது வயசுகூட இருக்காது.


பிப்ரவரி 5, புதன்

ரெண்டாவதாக வந்தவர்களுக்குக் கொடுத்தது ஒரு மரப்பலகை, நடுவில் பித்தளைத் தகடு. ஊர்வலமாக எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனோம். அவர் கண்ணாடி போட்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா இருக்குது. ஆனா கப்பு எங்க?"

ஆரோக்கியம், "இதாங்க கப்பு" என்றாள். அவளுக்கு இன்னும் குரல் வரவில்லை, காற்றுதான் வருகிறது.

"இது பலவை. கப்புன்னா தண்ணி ஊத்திக் குடிக்கணும். இதுல ஊத்து பாக்கலாம்."

"அதுங்க பந்து போடற கூடைக்கே அடி இல்லீங்க. கப்புக்கு மட்டும் அடி கேக்குறீங்களே!"

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். எல்லாரும் சிரித்தோம். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். கிளம்பும்போது வாசல்வரை வந்து, "சொன்னது சொன்னதுதான் சிலுவ" என்றார்.

சொன்னது சொன்னதுதான். நானும்தானே தலையாட்டினேன்.


பிப்ரவரி 12

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு பிள்ளைகள் மேட்டில் ஆடினார்கள்.


பிப்ரவரி 20, வியாழன்

பாத்தியில் தண்ணீர் கெட்டியாகிவிட்டது. ஓரத்தில் வெள்ளை கட்டுகிறது. எல்லா வருஷமும் இதைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கும்.


பிப்ரவரி 27, வியாழன்

முதலாளி சொல்லி அனுப்பிவிட்டார். சனிக்கிழமை முதல் வாரல். முதல் கூடை மேட்டில்.

சாயந்திரம் கடப்பாரையோடு போனேன், பனங்கட்டையைப் பிடுங்க. ஆடிக்கொண்டிருந்தார்கள். கடப்பாரையைப் பார்த்ததும் பாஞ்சாலை பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்ச நேரம் ஆடிக்கவா பெரிப்பா?" என்றாள். ஆடும்மா என்றேன். இருட்டும்வரை உட்கார்ந்து பார்த்தேன். கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஏன் பிடுங்கவில்லை என்று ஆனந்தம்மாள் கேட்டாள். இருட்டிவிட்டது என்றேன்.


மார்ச் 1, சனி

வாங்க, வாங்க. நல்லவேளை, இன்னும் எழுந்து போகாம இருக்கீங்க. இன்னிக்கிதான் நீங்க இருக்கணும்.

விடிந்ததும் முதல் பாத்தியில் வாரினோம். நல்ல வெள்ளை, கல் கல்லாக. லீவு என்பதால் பிள்ளைகளும் கூடையோடு வந்திருந்தார்கள். முதல் கூடையை என் தலையில் தூக்கிவைத்தார்கள். வழக்கப்படி நான் முன்னால், பெண்கள் பின்னால் வரிசையாக. வரப்பு ஒரு இடத்தில் பிரியும். வலது கைப் பக்கம் நம் மேடு. இடது கைப் பக்கம் கால்வாய் ஓரத்துப் பழைய மேடு.

அங்கே வந்ததும் கால் நின்றுவிட்டது. வலது பக்கம் பார்த்தேன். பனங்கட்டை இரண்டும் நிற்கின்றன, வளையத்துக்குள் வானம் தெரிகிறது.

பின்னால் ஆரோக்கியம். "என்னாண்ணே நின்னுட்ட? தல நோவுது, நட."

நடக்க வரல. வரவே இல்ல எனக்கு.

கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் என்னைத் தாண்டி இடது பக்கம் திரும்பி நடந்தாள். அவளுக்குப் பின்னால் பாஞ்சாலையின் அம்மா. அவளுக்குப் பின்னால் அடுத்தவள். ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பார்க்கவில்லை. அவ்வளவு பேரும் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். தூரம் அதிகம், இன்று மட்டும் இல்லை, இனி வருஷம் முழுக்க, ஒவ்வொரு நடைக்கும் அந்தத் தூரம். யாரும் அதைச் சொல்லவில்லை. பிள்ளைகள் கடைசியில் போனார்கள். பாஞ்சாலை தலை குனிந்துகொண்டு போனாள், அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை.

கடைசியாக நான் போய்ச் சேர்ந்தேன். பழைய மேட்டில் எல்லாரும் வட்டமாக நிற்கிறார்கள். தலையில் கூடை, கழுத்து நடுங்குகிறது, காதோரம் உப்புத் தண்ணீர் வழிகிறது. ஒருத்தியும் கொட்டவில்லை. முதல் கூடை என்னுடையது அல்லவா. காத்திருந்தார்கள்.

சிலுவை போட்டுக்கொண்டு கொட்டினேன்.

பிறகுதான் அவர்கள் கொட்டினார்கள். அந்தச் சத்தம் — கொஞ்சம் இருங்கள், மூக்கைச் சிந்திவிட்டு வருகிறேன்.

புல்லட் சத்தம் கேட்டது. முதலாளி வரப்புவரை ஓட்டிவந்து, இறங்கி நடந்து வந்தார்.

"யோவ் சிலுவ! மேடு அங்க இருக்குது. இங்க என்னாய்யா பண்றீங்க எல்லாரும்?"

"மொதக் கூடை வெச்சாச்சுங்க."

"யாரு இங்க வெக்கச் சொன்னது?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஆரோக்கியம், "வெயிலு கண்ணக் கூசிடுச்சிங்க மொதலாளி. வழி மாறிப்போச்சு" என்றாள்.

"இருவது வருசமா உப்புல கூசாத கண்ணு இன்னிக்குக் கூசிச்சா?"

"வயசாவுதில்லீங்களா."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினார்கள். முதலாளி முகம் சிவந்துவிட்டது. "எல்லாத்தையும் அள்ளுங்க. அள்ளி அங்க கொண்டாந்து..." என்று ஆரம்பித்தார். அப்போது அவர் கண் குவியல்மேல் விழுந்தது. சின்னக் குவியல்தான், முழங்கால் உயரம்கூட இல்லை. அவர் அப்படியே நின்றார். வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம் இல்லை. மறுபடியும் குவியலைப் பார்த்தார். அவர் அப்பாவை நினைத்தாரோ என்னவோ. வாழ்க்கையில் இரண்டாவது தடவையாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

"கற்பூரம் ஏத்தியாச்சா?" என்றார்.

"இல்லீங்க. உங்களுக்காகத்தான்."

ஏற்றினார். கும்பிட்டார். திரும்பிப் போகும்போது பாஞ்சாலை பக்கத்தில் நின்று, "அடுத்த வருசம் நான் தண்ணி ஊத்திப் பாப்பேன், ஆமா" என்றார். அவள், "ஊத்துங்க மொதலாளி" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

இப்போது சாயந்திரம். வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். கழுத்து வலி உயிர் போகிறது, தூரம் கொஞ்சமா? மேட்டுப் பக்கமிருந்து பந்துச் சத்தம் வருகிறது. நாளெல்லாம் சுமந்த பிள்ளைகள், படுக்கமாட்டார்களா? வாசலிலிருந்தே தெரிகிறது, அந்தோணிமேரிதான். திருச்சியில் எங்கே நின்று போட்டாளோ அதே மாதிரி கூடைக்குக் கீழே தனியாக நிற்கிறாள், பாஞ்சாலை கொடுக்கிறாள், இவள் போடுகிறாள், மறுபடியும் கொடுக்கிறாள், போடுகிறாள். எத்தனை உள்ளே போனது என்று நான் எண்ணவில்லை. ஆனந்தம்மாள் கூப்பிடுகிறாள், "ஏங்க, ஆரோக்கியம் வந்து நிக்குது, ஓலை எத்தினி கட்டு வேணும்னு கேக்குது, வாங்களேன்!" இதோ வந்துவிட்டேன் என்றேன், ஆனால் இந்த ஒன்றைச் சொல்லாமல் எப்படிப் போவது, இப்போது அந்தோணிமேரி பந்தை வாங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு...